உறக்க மாத்திரை: கன்னியாகுமரி மாவட்டப் பின்னணியில் ஒரு வரலாறு

உறக்க மாத்திரை என்பது உறக்கமின்மைக்காக மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்துகளின் பொதுப்பெயர். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இது தூக்க மாத்திரை எனப்படுகிறது. நாஞ்சில் நாட்டிலும் அதை அடுத்த கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும் தூக்கத்தை உறக்கம் என்று சொல்வதே வழக்கு. மூத்தவர்கள் மாத்திரையைக் குளிகை என்பதும் உண்டு.

ஏறக்குறைய 150 ஆண்டுகால உறக்க மருந்துகளின் வரலாற்றில் ஒரே கதை பலமுறை நடந்துள்ளது. பழைய மருந்தின் தீங்கு தெரிந்தபின், ஆபத்தில்லாதது என்ற பெயரோடு புதிய மருந்து வருகிறது. சில ஆண்டுகளில் அதன் தீங்கும் வெளிப்படுகிறது. அதன் பிறகே சட்டம் வருகிறது. இக்கதையின் இரண்டு முக்கியமான கட்டங்கள் இந்தியாவில் நிகழ்ந்தவை. இம்மருந்துகளின் உண்மையான பயன் எது, எல்லை எது என்பதை அறிய இவ்வரலாறு உதவும்.

நாட்டு மருத்துவ மரபு

கன்னியாகுமரி மாவட்டம் சித்த, ஆயுர்வேத மரபுகள் இரண்டும் சந்திக்கும் பகுதி. இன்றும் முன்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும், நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றன. உறக்கம் வராதவர்களுக்கு அமுக்கராக் கிழங்குப் பொடியைப் பாலில் கலந்து கொடுப்பது, கசகசா அரைத்துக் கொடுப்பது, தலைக்கு எண்ணெய் வைப்பது ஆகியவை இம்மரபுகளில் வழங்கிவந்தன. மாவட்டத்தின் மலையோரத் தோட்டங்களில் விளையும் ஜாதிக்காயை உரசிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது.

நாட்டு மருந்து என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. ஜாதிக்காய் அளவு மீறினால் நெஞ்சுப் படபடப்பையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கும். 19ஆம் நூற்றாண்டில் வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை உறங்கவைக்க அபின் கொடுக்கும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது. 1893 முதல் 1895 வரை விசாரணை நடத்திய அபின் பற்றிய ராயல் ஆணையத்தின் முன் இது பேசப்பட்டது.

சர்ப்பகந்தா

இந்திய மருத்துவத்திலிருந்து உலக மருத்துவத்துக்குச் சென்ற அமைதியூட்டும் மருந்துகளில் முதன்மையானது சர்ப்பகந்தா. மேற்குத் தொடர்ச்சி மலை உட்பட இந்தியாவின் ஈரமான காட்டுப் பகுதிகளில் வளரும் சிறு செடி இது. இதன் வேர் பாம்புக்கடிக்கும், மனக்கொந்தளிப்புக்கும், உறக்கமின்மைக்கும் பயன்பட்டது.

1931இல் சலீமுஸ்ஸமான் சித்திகி இவ்வேரிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும், இது இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் பயன்படுவதாகக் கட்டுரை எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் இதை இரத்த அழுத்த நோயாளிகளிடம் சோதித்து 1949இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்ட பிறகே மேல்நாடுகள் கவனித்தன. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தினர் இவ்வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தனர்.

ரெசர்பின் சில ஆண்டுகள் கொண்டாடப்பட்டது. பின்னர், அதை உட்கொண்டவர்களில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளானதாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கினர். புதிய மருந்துகளும் வந்தன. அதன் செல்வாக்கு குறைந்தது. இதற்குள் காட்டுச் செடி பெருமளவு வேரோடு பிடுங்கப்பட்டிருந்தது. 1990இல் சர்ப்பகந்தா, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மிஷன் மருத்துவமனைகளும் மிக்ஸ்சர் காலமும்

1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் திருவிதாங்கூரையும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தன. இங்கு ஆங்கில மருத்துவம் பரவியதில் மிஷன் மருத்துவமனைகளுக்குப் பெரும் பங்குண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். எவரெஸ்ட் பயணங்களில் பங்கெடுத்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல் 1920களிலிருந்து நீண்டகாலம் பணிபுரிந்ததும் அங்கேதான். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் கேதரின் பூத் மருத்துவமனை வளர்ந்தது. மனநோய்க்கான அரசு மருத்துவமனை 1870இல் திருவனந்தபுரத்தில் அமைக்கப்பட்டது.

அக்கால ஆங்கில மருத்துவத்தில் உறக்கத்துக்கான மருந்துகள் பெரும்பாலும் கம்பவுண்டர் கலந்து கொடுக்கும் மிக்ஸ்சராகவே இருந்தன. 1857க்குப் பின் வலிப்புக்குப் பயன்படத் தொடங்கிய பொட்டாசியம் புரோமைடு விரைவில் அமைதியூட்டும் மருந்தாகவும் ஆயிற்று. புரோமைடின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 12 நாட்கள் ஆகும். ஆகவே தினமும் குடித்தவர்களின் உடலில் அது சேர்ந்துகொண்டே போய், தடுமாற்றம், மறதி, மனக்குழப்பம் ஆகியவற்றை உண்டாக்கியது. மருந்தினால் வந்த நோயே மனநோயாகக் கருதப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களும் மேல்நாடுகளில் இருந்தனர்.

1832இல் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் உருவாக்கிய குளோரல் ஹைட்ரேட், 1869இல் லீப்ரைக் என்பவரால் உறக்க மருந்தாக அறிமுகமானது. வேதியியல் முறையில் உருவாக்கப்பட்ட முதல் உறக்க மருந்து இதுவே. 1882இல் பாரால்டிஹைடு வந்தது. அதன் கடும் நாற்றம் மனநோய் மருத்துவமனைகளின் அடையாளமாகவே இருந்தது. புரோமைடு, குளோரல் ஹைட்ரேட் ஆகியவற்றைப் பிற மருந்துகளோடு கலந்து விற்பதை இந்திய அரசு 1980களில்தான் தடை செய்தது.

பார்பிட்யூரேட் மருந்துகள்

1903இல் எமில் பிஷர், வான் மேரிங் என்ற ஜெர்மானிய அறிஞர்கள் பார்பிட்டாலை அறிமுகப்படுத்தினர். இது வெரோனால் என்ற பெயரில் விற்கப்பட்டது. 1912இல் பீனோபார்பிட்டால் வந்தது. இந்தியாவில் கார்டினால் என்ற பெயரில் அறியப்பட்ட இது வலிப்பு நோய்க்கு இன்றும் தரப்படுகிறது.

நாற்றமோ கசப்போ இல்லாமல் மாத்திரையாக விழுங்க முடிந்ததால் இவை விரைவாகப் பரவின. ஆனால் உறங்கவைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடையே இருந்த தூரம் மிகக் குறைவு. மதுவோடு சேர்ந்தால் அத்தூரம் இன்னும் குறைந்தது. நடிகை மர்லின் மன்றோ 1962இலும், இந்தித் திரைப்பட இயக்குநர் குரு தத் 1964இலும் இறந்ததில் உறக்க மருந்துகளுக்குப் பங்கிருந்தது. இந்தியத் திரைப்படங்களில் தூக்க மாத்திரைக் குப்பி சாவின் அடையாளமாக நிலைத்ததும் இக்காலத்தில்தான்.

இதற்கு மாற்றாக, அளவு மீறினாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்ற விளம்பரத்தோடு 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளும் அதை உட்கொண்டனர். கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறப்பது தெரிந்து 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். புதிய மருந்தை விற்பனைக்கு விடுமுன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற விதிகள் பல நாடுகளில் கடுமையானது இந்த உறக்க மாத்திரையால்தான்.

இந்தியாவில் பிறந்த மாத்திரை

இந்திர கிஷோர் கக்கர், சையத் உசேன் சாகீர் என்ற இந்திய வேதியியலாளர்கள் வேறு நோக்கங்களுக்காக உருவாக்கிய சேர்மங்களுள் ஒன்று மெத்தகுவலோன். அவர்களது ஆய்வு 1951இல் வெளிவந்தது. அதன் உறக்கமூட்டும் தன்மையை 1955இல் லக்னோவில் குஜ்ரால் தலைமையிலான ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பார்பிட்யூரேட் வகையைச் சேராததால், பழக்கத்தை உண்டாக்காத பாதுகாப்பான உறக்க மருந்தாக இது வரவேற்கப்பட்டது. இங்கிலாந்தில் மாண்ட்ராக்ஸ் என்றும் அமெரிக்காவில் குவாலூட் என்றும் 1965 முதல் விற்றது.

பத்தாண்டுகளுக்குள் இது போதைப்பொருளாக மாறியது. 1980களின் முற்பகுதியில் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் தடை செய்யப்பட்டது. ஆயினும் இந்தியாவில் கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்ட மாத்திரைகள் தென்னாப்பிரிக்காவுக்குக் கடத்தப்பட்டன. உறங்குவதற்காக விழுங்கிய மாத்திரையை அங்கே கஞ்சாவோடு சேர்த்துப் புகைத்தனர். இந்திய ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒரு மருந்து 30 ஆண்டுகளில் மருந்துக்கடையை விட்டு முற்றிலும் நீங்கியதன் வரலாறு இது.

டயசிபாமும் அதன் வழிவந்தவையும்

சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டறிந்த பென்சோடயசிபின் வகை மருந்துகளில் முதலாவது 1960இலும், டயசிபாம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. தனியாக உட்கொண்டால் இவை பார்பிட்யூரேட் போல எளிதில் மூச்சை நிறுத்துவதில்லை. இது உண்மையான முன்னேற்றம்.

இந்தியாவில் ரான்பாக்சி நிறுவனம் 1960களின் இறுதியில் காம்போஸ் என்ற பெயரில் டயசிபாமை விற்கத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் முதல் பெரும் வெற்றி அதுவே. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கோரும் வழி அதனால் அடைபட்டது. பல நிறுவனங்கள் ஒரே மருந்தைக் குறைந்த விலையில் தயாரித்தன. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் ஏழைகள் மருந்து வாங்க முடிந்தது இதன் நன்மை. உறக்க மாத்திரையும் அதேபோல் மலிவாகி, சிற்றூர் மருந்துக்கடை வரை எட்டியது இதன் மறுபக்கம். நைட்ரசிபாம், அல்பிராசோலாம், குளோனசிபாம், லோராசிபாம் ஆகியவை இதே வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்குப் பின் வந்த சோல்பிடெம் வேதியியலில் வேறானது என்றாலும் மூளையில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் செயல்படுகிறது.

செயல்படும் விதமும் பயனும்

மூளையில் நரம்புகளின் வேகத்தைக் குறைக்கும் காபா என்ற இயற்கைப் பொருள் உள்ளது. பென்சோடயசிபின்களும் சோல்பிடெமும் காபாவின் விளைவை மிகுவிக்கின்றன. அதனால் பதற்றம் தணிந்து உறக்கம் வருகிறது.

திடீரென ஏற்பட்ட கடும் உறக்கமின்மைக்குச் சில நாட்கள் அல்லது ஓரிரு வாரங்கள் கொடுப்பது, அறுவைச் சிகிச்சைக்கு முன் அச்சத்தைத் தணிப்பது, நிற்காத வலிப்பை நிறுத்துவது, மதுவை விட்டவர்களுக்கு ஏற்படும் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுப்பது ஆகியவற்றில் இவற்றின் பயன் உறுதியானது. வலிப்பு நிற்காமல் வரும் நோயாளிக்கு இவை உயிர்காக்கும் மருந்துகள். ஆகவே இவற்றை நஞ்சு என்று ஒதுக்குவது தவறு.

ஆபத்துகள்

முதலாவது, பழகிப்போதல். சில வாரங்களில் அதே அளவு முன்போல் வேலை செய்யாது. அளவைக் கூட்டத் தோன்றும். திடீரென நிறுத்தினால் முன்பைவிட மோசமாக உறக்கம் கெடும். நீண்டகாலம் எடுத்தவர்களுக்கு நடுக்கம், பதற்றம், சில வேளைகளில் வலிப்பும் வரலாம். பலர் இதைப் பழைய நோய் என்று எண்ணி மீண்டும் மாத்திரையைத் தொடங்குவர். 2015இல் தெலங்கானாவில் அல்பிராசோலாம் கலந்த கலப்படக் கள்ளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கப்பட்டது. அதைக் குடித்துவந்த ஏராளமானோர் நடுக்கத்தோடும் வலிப்போடும் மருத்துவமனைகளுக்கு வந்தனர். தாம் ஒரு மாத்திரைக்குப் பழகியிருந்ததே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாவது, மறுநாள் வரை நீளும் மயக்கம். சோல்பிடெமின் அளவு உடலில் சுமார் 2 முதல் 3 மணி நேரத்தில் பாதியாகும். அல்பிராசோலாமுக்குச் சுமார் 11 மணி நேரம். டயசிபாமுக்கு ஒரு நாளுக்கும் மேல். ஆகவே எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. குலசேகரம், அருமனை பகுதிகளில் ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியுமுன் கூரிய கத்தியோடு தோட்டத்தில் இருக்க வேண்டியவர்கள். கடற்கரை ஊர்களின் மீனவர்கள் இரவில் கடலில் விழித்திருப்பவர்கள். இவர்களுக்கும் வாகன ஓட்டுநர்களுக்கும் இந்த மிச்ச மயக்கம் விபத்தாக முடியலாம். பெண்களின் உடலில் சோல்பிடெம் மெதுவாக நீங்குவதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் அவர்களுக்கான தொடக்க அளவைப் பாதியாகக் குறைத்தது. இம்மருந்தை உட்கொண்ட சிலர் உறக்கத்திலேயே நடப்பது, வண்டி ஓட்டுவது போன்றவற்றைச் செய்ததால் 2019இல் கடுமையான எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது.

மூன்றாவது, முதியோர். மாவட்டத்தில் பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் வெளியூர்களிலும் இருக்க, தனியே வாழும் முதியோர் பலர். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது மருந்து மயக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது முதுமையின் பெரிய இடர்களில் ஒன்று. மறதியும் குழப்பமும் கூடும். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைக் கூறும் அமெரிக்காவின் பியர்ஸ் பட்டியலில் பென்சோடயசிபின்களும் சோல்பிடெமும் இடம்பெறுகின்றன.

நான்காவது, சேர்க்கை. மதுவோடும், அபின் வழிவந்த வலி மருந்துகளோடும் சேர்ந்தால் மூச்சு நிற்கலாம். உரத்த குறட்டையோடு உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து மிகுதி. அவர்கள் உறங்கவில்லை என்று சொல்வதன் காரணமே அந்த மூச்சுத்தடையாக இருக்கலாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் எடுக்கக்கூடாது.

ஐந்தாவது, குற்றம். தொலைதூர ரயில்களில் பயணிகளுக்கு உறக்க மருந்து கலந்த பிஸ்கட்டோ தேநீரோ கொடுத்துக் கொள்ளையடிக்கும் கும்பல்கள் நெடுங்காலமாக உண்டு. அந்நியர் தரும் உணவை வாங்காதீர்கள் என்று ரயில்வே எச்சரிப்பது இதனால்தான். கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ருகர் வரை நான்கு நாட்களளவு ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்களின் பயணிகள் இதை நினைவில் கொள்வது நல்லது.

சட்டம்

1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 1945ஆம் ஆண்டின் விதிகளும் மருந்து விற்பனையை ஒழுங்குபடுத்துகின்றன. இவ்விதிகளின் எச் அட்டவணையில் உள்ள மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது. மீண்டும் கொடுக்கலாம் என்று மருத்துவர் குறிப்பிடாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒருமுறை மட்டுமே மருந்து கொடுக்கலாம். பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்குவது விதிக்கு மாறானது.

மனநிலையைப் பாதிக்கும் மருந்துகள் குறித்த 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1975இல் இணைந்தது. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. மெத்தகுவலோனோடு டயசிபாம் வகைகளும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. 2014 மார்ச் 1 முதல் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அல்பிராசோலாம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் ஆகியவை இதில் உள்ளன. இவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அட்டையில் சிவப்பு எழுத்தில் குறியீடும் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் இருக்கும்.

பேரிடரும் உறக்கமும்

உறக்க மாத்திரை எப்போது தேவை என்ற கேள்வி கன்னியாகுமரி மாவட்டத்தில் பேரிடர்களோடு பிணைந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, கீழமணக்குடி முதலிய ஊர்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை, நீரோடி உள்ளிட்ட ஊர்களின் மீனவர்கள் பலர் கரை திரும்பவில்லை. பலரின் உடல்களும் கிடைக்கவில்லை. உடலைக் காணாத வீடுகளில் காத்திருப்பும் துக்கமும் ஒன்றாகவே நீண்டன. அவ்வீடுகளில் உறக்கம் போனது நோயல்ல, இழப்பின் இயல்பான விளைவு.

இத்தகைய நிலையில் இரக்கத்தால் உறக்க மாத்திரை கொடுக்கத் தோன்றும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கொடிய நிகழ்வுக்குப் பிந்தைய முதல் மாதத்தில் உறக்கமின்மைக்காகப் பெரியவர்களுக்குப் பென்சோடயசிபின் கொடுக்க வேண்டாம் என்கிறது. பெரும்பாலோருக்கு உறவினர் துணையாலும் அன்றாட ஒழுங்கு திரும்புவதாலும் உறக்கம் தானே மீளும். மாத்திரையோ துக்கம் ஆறிய பின்னும் பழக்கமாக எஞ்சக்கூடும். மாதம் கடந்தும் உறக்கமும் மனமும் தேறாதவர்களுக்கு மனநல மருத்துவரின் சிகிச்சை தேவை.

இன்றைய நிலை

நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது மருந்தல்ல, பழக்கங்களைத் திருத்தும் உளவியல் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. தினமும் ஒரே நேரத்தில் எழுதல், உறக்கம் வரும்போது மட்டும் படுத்தல், உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் போய் அமர்ந்து பின் திரும்புதல், படுக்கையில் கைப்பேசி பார்க்காதிருத்தல், பகலுறக்கத்தைக் குறைத்தல் ஆகியவை அதன் அடிப்படைகள். மாலைக்குப் பின் காப்பியும் தேநீரும் தவிர்ப்பது உதவும். வலி, இருமல், நீரிழிவால் வரும் சிறுநீர், மனச்சோர்வு, மூச்சுத்தடை போன்றவை உறக்கத்தைக் கெடுக்கின்றனவா என்று பார்ப்பது மாத்திரைக்கு முந்தைய படி.

ஏற்கெனவே நீண்டகாலம் மாத்திரை எடுத்து வருபவர்கள் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில், தேவையானால் மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இதற்கென மருத்துவப் பிரிவு நடத்திய பேராசிரியை ஹெதர் ஆஷ்டன், பல்லாண்டு பழக்கத்திலிருந்தும் இம்முறையில் விடுபட முடியும் என்று காட்டினார்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். மனநல ஆலோசனைக்கு ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். மாத்திரை வேண்டாம் என்று தோன்றினாலும், வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலும் அழைக்க வேண்டிய எண் அதுவே.

2011 கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டின் முதலிடத்தில் இருந்த மாவட்டம் கன்னியாகுமரி. அட்டையின் பின்புறமுள்ள சிவப்புக் கட்டத்தைப் படிப்பதும், சீட்டில் எத்தனை நாளைக்கு என்று எழுதியிருக்கிறது என்று பார்ப்பதும், எழுதியிராவிட்டால் மருத்துவரிடம் கேட்பதும் அந்த எழுத்தறிவின் எளிய பயன்களே.